உருமாற்றமா, பொருண்மாற்றமா?

புவிக் கவசத்தைக் கற்பிக்கும் முறை பற்றி ஒரு மொழிபெயர்ப்பாளனின் கருத்து

சில ஆண்டுகளுக்கு முன் இவ்விதழில் வெளிவந்த கட்டுரை ஒன்றைத் தமிழாக்கியபோது, பூமியின் மேலோட்டுக்குக் கீழேயுள்ள கவசப் பகுதியை ‘உருகிய பாறைக் குழம்பாலான அடுக்கு’ என்று எழுதிவிட்டேன். மூலத்தில் அவ்வாறு இல்லை. ‘பாறைக் குழம்பு தோன்றும் அடுக்கு’ என்பதே அங்கு இருந்தது. அச்சுப்படியைச் சரிபார்த்தவர்களும் இப்பிழையைக் கவனிக்கவில்லை. அவர்களும் என்னைப் போலவே பள்ளியில் அவ்வாறு படித்து வந்தவர்கள். இரண்டு மாதங்கள் சென்றபின் ஓர் ஆசிரியரிடமிருந்து அஞ்சலட்டை ஒன்று வந்தது. தம் வகுப்பு மாணவி ஒருத்தி, “கீழே எங்கும் குழம்பாகவே இருக்குமாயின் எரிமலைகள் சில இடங்களில் மட்டும் இருப்பானேன்? நம் ஊரில் ஏன் இல்லை?” என்று வினவியதாகவும், தமக்கு விடை புலப்படவில்லை என்றும், மொழிபெயர்த்தவருக்குத் தெரிந்தால் எழுதியனுப்ப வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது.

எனக்கும் தெரியவில்லை. பட்டப்படிப்பில் நான் பயின்றது இரசாயனம், நிலவியல் அன்று. ஆயினும் தவறு என்னுடையதாகையால் நூலகத்தில் உட்கார்ந்து தேடிப் படித்தேன். அப்படிப் படித்ததன் பயனாக ஏற்பட்ட ஒரு கருத்தைக் களப்பணியாளர்களும் ஆசிரியர்களும் ஆகிய வாசகர்களின் முன் வைக்க விரும்புகிறேன். கவசத்தைக் குழம்பு என்று கற்பிப்பதை நாம் அறவே நிறுத்த வேண்டும். அத்துடன், திண்மமான அக்கவசப் பாறையினூடே சிறிய அளவில் ஊர்ந்து செல்லும் குழம்பும் பாய்பொருளும் அதன் இரசாயன அமைப்பை மாற்றுகின்ற செயலுக்குத் தமிழில் ஒரு தனிச் சொல்லை வழங்கத் தொடங்க வேண்டும். இவை இரண்டும் வெவ்வேறு கோரிக்கைகள் போலத் தோன்றும். முதலாவதை ஒப்புக்கொண்டவர் இரண்டாவதற்கு வராமல் இருக்க முடியாது என்பது என் எண்ணம்.

கவசம் திண்மம் என்பதற்குச் சான்று நில அதிர்ச்சி அலைகளே. அவற்றுள் குறுக்கலைகள் எனப்படுபவை திரவத்தினூடே செல்லமாட்டா. கண்டங்களுக்குக் கீழே ஏறத்தாழ 35 முதல் 40 கிலோமீட்டர் ஆழத்திலும், சமுத்திரங்களுக்குக் கீழே அதனினும் மிகக் குறைந்த ஆழத்திலும் கவசம் தொடங்குகிறது. அங்கிருந்து ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் ஆழம் வரையில் குறுக்கலைகள் கடந்து செல்கின்றன. அதற்குக் கீழேதான் அவை நின்றுவிடுகின்றன. புவிக்கருவின் வெளிப்பகுதி திரவமாக உள்ளது என்று 1926ஆம் ஆண்டில் ஹெரால்டு ஜெஃப்ரீஸ் காட்டினார். ஆகவே திரவ அடுக்கைத் தேடுவோர் கவசம் முழுவதையும் கடந்து போக வேண்டும். போனாலும் அங்கே கிடைப்பது பெரும்பாலும் உருகிய இரும்பேயன்றிப் பாறைக் குழம்பு அன்று.

அவ்வளவு உஷ்ணத்திலும் பாறை உருகாமல் இருப்பதற்குக் காரணம் மேலிருந்து அமுக்கும் அழுத்தம். அழுத்தம் மிகுந்தால் உருகுநிலையும் உயர்கிறது. கவசப் பாறை மேல்நோக்கி எழுந்து அழுத்தம் தணியும் இடங்களிலோ, நீர் முதலியவை புகுந்து உருகுநிலையைத் தாழ்த்தும் இடங்களிலோதான் அதில் ஒரு சிறு பங்கு உருகுகிறது. அந்தமான் கடலிலுள்ள பாரன் தீவு இரண்டாம் வகைக்கு நம் நாட்டிலேயே உள்ள உதாரணம். இந்தியத் தட்டு அங்கே கிழக்குப் புறமாகக் கீழே அமிழ்கிறது. அமிழும் தட்டிலுள்ள கனிமங்கள் சூடேறித் தம்முள் கட்டுண்ட நீரை விடுகின்றன. அந்நீர் மேலேயுள்ள கவசப் பாறையில் ஏறி அதன் உருகுநிலையைப் பல நூறு டிகிரி தாழ்த்துகிறது. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக அடங்கிக் கிடந்த அத்தீவு 1991ஆம் ஆண்டில் மீண்டும் பொங்கியது. தென்னிந்தியாவின் அடியில் கவசத்தின் மேற்பகுதி பழையது, தடித்தது, ஆறிப்போனது. அது மேலெழவும் இல்லை, அதனுள் புதிதாக நீர் புகவும் இல்லை. மாணவியின் வினாவுக்கு விடை இதுவே. இவ்விடையை அஞ்சலட்டையில் எழுதியனுப்பிவிட்டேன்.

ஆனால் விடை எழுதி முடித்ததும் வேறொரு வினா எழுந்தது. திண்மமான பாறையினுள் நீர் ‘ஏறுகிறது’ என்று எழுதினேனே, எவ்வாறு ஏறும்?

புதிய மண்பானையில் தண்ணீர் ஊற்றி வைப்பவர்கள் இதனை நன்கு அறிவார்கள். பானை திண்மமே, ஓட்டை ஏதும் இல்லை. ஆயினும் சற்று நேரத்தில் வெளிப்புறம் ஈரம் கசிகிறது. சில வாரங்களில் பானையின் புறத்தே வெள்ளையாக உப்புப் பூக்கிறது. நீர் வந்து போன வழியில் தான் கொண்டுவந்ததை வைத்துவிட்டுப் போயிருக்கிறது. கவசப் பாறையில் பானைக்கு உள்ளவை போன்ற துளைகள் இல்லை என்பது உண்மை. அதனை ஆக்கியுள்ள படிக மணிகள் இடைவெளியின்றி நெருங்கி அமைந்தவை. எனினும் மூன்று மணிகள் கூடும் விளிம்புகள் உள்ளன. அவ்விளிம்புகளில் தங்கும் உருகிய துளி படிகத்தைத் தொடும் கோணம் 60 டிகிரிக்குக் குறைவாக இருக்குமாயின், துளி தனித்து நில்லாது. விளிம்பைப் பற்றிக்கொண்டு படர்ந்து அடுத்த துளியோடு இணைந்துவிடும். பசால்ட்டுக் குழம்பும் கார்பனேட்டுக் குழம்பும் ஆலிவின் படிகங்களிடையே இவ்வாறு படர்வதைச் சோதனைச் சாலைகளில் கண்டிருக்கிறார்கள். ஆகவே நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான குழம்பு கூடப் பாறையெங்கும் நூல்நூலாகத் தொடர்ந்து ஓட வழியுண்டு. 99 பங்கு திண்மமாகவே இருக்கும். அதனைக் குழம்பு என்று அழைப்பவர், கசியும் பானையைக் குளம் என்று அழைப்பவரை ஒப்பர்.

இனி இரசாயனத்திற்கு வருவோம். மேற்கவசத்தின் பாறை பெரிடோடைட் எனப்படும். அதில் பாதிக்கு மேல் பச்சை நிறமான ஆலிவின். மீதியில் இருவகைப் பைராக்சின்கள். சிறிதளவு, ஆழத்திற்கேற்ப, ஸ்பினல் அல்லது கார்னெட். இப்பாறையை நேரில் காணும் வாய்ப்பு மனிதனுக்கு எளிதில் கிடைப்பதன்று. ஆயினும் கிம்பர்லைட்டு போன்ற குழம்புகள் 150 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்திலிருந்து மிக விரைவாக மேலே பாய்ந்து வரும்போது, வழியிலுள்ள கவசப் பாறையைப் பிய்த்துக்கொண்டு வருகின்றன. அத்துண்டுகளை அயற்பாறைகள் என்று இக்கட்டுரையில் அழைக்கிறேன். தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி நகரத்திலுள்ள புல்ட்ஃபோன்டைன் சுரங்கத்தில் வைரத்திற்காகத் தோண்டியவர்கள் இத்தகைய அயற்பாறைகளைப் பயனற்றவை என்று கழிவுமேடுகளில் கொட்டினார்கள். பிற்காலத்தில் நிலவியலாளர்கள் அம்மேடுகளில் ஏறிக் கவசத்தின் வரலாற்றையே பொறுக்கி எடுத்தார்கள்.

அத்துண்டுகள் பலவற்றில் புளோகோபைட் என்னும் பழுப்பு நிறக் கனிமம் பளபளக்கிறது. நம் நாட்டில் காக்கைப்பொன் என்று வழங்கும் மைக்காவின் இனத்தைச் சேர்ந்தது அது. அதற்கு அங்கு என்ன வேலை என்பதை ஒரு சிறு கணக்கால் கண்டுகொள்ளலாம். வகுப்பில் கரும்பலகையில் போட்டுக் காட்டத்தக்க கணக்கு இது. புளோகோபைட்டில் பொட்டாசியம் ஆக்சைடு நூற்றில் ஏறத்தாழ 10 பங்கு உண்டு. ஒரு பாறையில் புளோகோபைட் நூற்றில் 5 பங்கு இருப்பதாகக் கொள்வோம். நூறு கிலோகிராம் பாறையில் புளோகோபைட் 5 கிலோகிராம்; ஆகவே பொட்டாசியம் ஆக்சைடு 500 கிராம். குழம்பு எதுவும் பிரிந்து போகாத ஆதிக் கவசத்தில் பொட்டாசியம் ஆக்சைடு ஏறத்தாழ 0.03 சதவீதமே என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அதாவது நூறு கிலோகிராமில் 30 கிராம். பதினாறு மடங்குக்கும் மேற்பட்ட இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது? மேலும், கிம்பர்லியின் அயற்பாறைகள் முன்னொரு காலத்தில் உருகிக் குழம்பைப் பிரிய விட்டவை என்பதற்கு அவற்றின் ஆலிவினும் பைராக்சினுமே சாட்சி. அவ்வாறு உருகும்போது முதன்முதலில் வெளியேறும் தனிமங்களில் பொட்டாசியமும் ஒன்று. எனவே அந்த 30 கிராம் கூட அங்கே மிஞ்சியிராது. பொட்டாசியம் வெளியிலிருந்து வந்தது என்பதைத் தவிர வேறு முடிவுக்கு இடமில்லை. புளோகோபைட்டின் படிகத்தில் நீரின் கூறும் கட்டுண்டிருப்பதால், கொண்டுவந்தது நீர் கலந்த குழம்பு அல்லது பாய்பொருள் என்பதும் உடன் விளங்குகிறது.

இச்செயலுக்குத்தான் மெடாசோமாடிசம் என்று பெயர். நான் கைக்கொண்டுவந்த ஒரு சொற்பட்டியலில் இச்சொல்லுக்கு எதிரே ‘உருமாற்றம்’ என்று இருந்தது. அதற்கு மேல்வரியில் மெடமார்பிசத்திற்கும் அதுவே. நானும் பல ஆண்டுகள் இரண்டிற்கும் ஒரே சொல்லை எழுதி வந்தேன். இது சிறு பிழை அன்று. களிமண் பாறை சூட்டாலும் அழுத்தத்தாலும் பலகைக் கல்லாக மாறும்போது அதிலுள்ள பொருள், வெளியேறும் நீர் போன்றவை நீங்கலாக, பெரும்பாலும் அதே பொருள்தான். உரு மட்டுமே மாறுகிறது. அரிசியை மாவாக்குவது போல. மெடாசோமாடிசத்தில் பாறை திண்மமாகவே இருக்க, ஒரு பொருள் உள்ளே வருகிறது, ஒரு பொருள் வெளியே போகிறது. முன்னதற்கு வரவு செலவு இல்லை. பின்னதற்கு வரவு செலவுதான் எல்லாம். மேலே போட்ட பொட்டாசியக் கணக்கை ‘உருமாற்றம்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மாணவனுக்கு விளக்க முயன்று பாருங்கள். உரு மாறியதால் 30 கிராம் 500 கிராம் ஆகிவிட்டது என்று அவன் எழுதுவான். அவனைக் குறை கூற முடியாது.

பிற மொழிச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதிவிடலாமே என்று அலுவலக நண்பர் ஒருவர் கூறினார். கனிமங்களின் பெயர்களை நான் அவ்வாறுதான் எழுதுகிறேன். ஆலிவினுக்குத் தமிழ்ப் பெயர் ஆக்குவதால் யாருக்கும் பயன் இல்லை. ஆனால் ஒரு செயலின் பெயர், அச்செயலைக் காட்டுவதாக இருக்க வேண்டும். கிரேக்க மூலத்தில் சோமா என்பது உடல். ‘உடல் மாற்றம்’ என்று நேராக ஆக்கலாம் என்று தொடங்கினேன். இலக்கணப்படி புணர்த்தினால் ‘உடன்மாற்றம்’ ஆகிவிடுகிறது. வாசகர் உடனே நிகழும் மாற்றம் என்று கொள்வார். ‘மெய்ம்மாற்றம்’ என்றால் உண்மையைத் திரிப்பதாகப் பொருள்படும். கடைசியில் ‘பொருண்மாற்றம்’ என்பதில் வந்து நின்றேன். பொருளைக் கொடுத்துப் பொருளை வாங்கும் பண்டமாற்றின் சாயல் அதில் இருக்கிறது என்று அதே நண்பர் குறை சொன்னார். அச்சாயல் இருப்பதனாலேயே எனக்கு அது பிடித்தது.

ஏனெனில் ஆழத்தில் நடப்பது உண்மையாகவே பண்டமாற்று. 1988ஆம் ஆண்டில் கிரீன், வாலஸ் என்னும் இருவர் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கவசத்தில் கார்பனேட்டுக் குழம்பு சிறு அளவில் தோன்றி மேலே ஊர்கிறது. ஏறத்தாழ 70 கிலோமீட்டர் ஆழம் வரையில் ஏறிவந்ததும் அது பாறையிலுள்ள கால்சியமற்ற பைராக்சினோடு வினைபுரிகிறது. அப்பைராக்சின் அழிகிறது; கால்சியம் கொண்ட வேறு பைராக்சினும் ஆலிவினும் தோன்றுகின்றன; கரியமில வாயு விடுபடுகிறது. குழம்பு அங்கேயே தீர்ந்துபோகிறது. கொண்டுவந்த கால்சியத்தையும் சோடியத்தையும் அருமண் தனிமங்களையும் பாறையிடம் ஒப்படைத்துவிட்டுத் தானே மறைந்துவிடுகின்ற இத்தகைய குழம்பை நாம் நேரில் பிடிக்க முடியாது. அது வாங்கிய, கொடுத்த பொருள்களின் கணக்கைப் பார்த்தே அது வந்தது என்று சொல்ல வேண்டும்.

புளோகோபைட் கண்ணுக்குத் தெரிகிறது. ஆகவே அதனை நம்புவது எளிது. கண்ணுக்குத் தெரியாத பொருண்மாற்றமும் உண்டு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்து எரிமலைப் பாறைகளில் கிடைத்த பெரிடோடைட் துண்டுகளை ஃபிரே, கிரீன் ஆகியோர் ஆராய்ந்து 1974ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அத்துண்டுகளில் கால்சியமும் அலுமினியமும் குறைந்திருந்தவை முன்பே மிகுதியாக உருகியவை. அவற்றில் லாந்தனம் முதலிய இலேசான அருமண் தனிமங்களும் குறைந்தே இருக்க வேண்டும். மாறாக அவை மிகுந்திருந்தன. குதிரில் நெல் இல்லாத வீட்டில் பெட்டி நிறையப் பொன் இருந்தால், அப்பொன் அவ்வீட்டு நிலத்தில் விளைந்ததன்று என்று ஊரார் அறிவர். ஃபிரேயும் கிரீனும் அவ்வாறே முடிவு செய்தனர்: பாறை முதலில் உருகிக் குழம்பை இழந்தது, பின்னர் வேறொரு குழம்பு வந்து அருமண் தனிமங்களை இட்டுச் சென்றது. 1984இல் டாசன் என்பவர், புதிய கனிமம் தோன்றும் வகையைப் புலப்படும் மாற்றம் என்றும், கனிமம் எதுவும் புதிதாகத் தோன்றாமல் உள்ளடக்கம் மட்டும் மாறும் வகையை மறைந்த மாற்றம் என்றும் வகைப்படுத்தினார்.

இவ்விரு வகைகளும் அருகருகே நிகழ்வதற்குக் காரணத்தை ஆசிரியர்கள் ஒரு மையொற்றும் தாளைக் கொண்டே காட்டலாம். தாளின் ஓரத்தில் ஒரு துளி கறுப்பு மையை இட்டு, ஓரத்தை நீரில் தோய்த்து நிறுத்தினால், மையின் வண்ணங்கள் பிரிந்து ஒன்று விரைந்தும் ஒன்று தாழ்ந்தும் ஏறும். தாளில் எளிதில் பற்றிக்கொள்ளும் வண்ணம் பின்தங்கும். கவசமும் இத்தகைய தாளே என்று 1987இல் நாவோன், ஸ்டோல்பர் ஆகியோர் கணக்கிட்டுக் காட்டினர். குழம்பு பாறையினூடே ஊரும்போது, ஆலிவினும் பைராக்சினும் ஏற்க மறுக்கும் தனிமங்கள் முன்னே ஓடுகின்றன, ஏற்றுக்கொள்ளப்படுபவை பின்தங்குகின்றன. குழம்பு சென்ற நரம்பின் அருகில் புதிய கனிமங்கள் தோன்றும். தொலைவில் லாந்தனத்தைப் போல முன்னோடிய தனிமங்களின் தடயம் மட்டும் இருக்கும். ஒரே நிகழ்ச்சியை ஒருவர் அருகிலும் ஒருவர் தொலைவிலும் நின்று பார்ப்பது போன்றது இது.

மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது. எல்லாவற்றிலும் அதுவே என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. பிரான்சின் தென்பகுதியில் பிரெனீஸ் மலைத் தொடரில் லெர்ஸ் என்ற சிறு ஏரி இருக்கிறது. அதன் கரையில் கவசப் பாறையின் சிறு திரள் ஒன்று நிலப்பரப்பில் வெளிப்பட்டிருக்கிறது. லெர்சோலைட் என்னும் பாறைப் பெயர் இவ்விடத்தின் பெயரிலிருந்தே வந்தது. கால்சியப் பைராக்சின் போதுமான அளவு உள்ள பெரிடோடைட்டிற்கு லெர்சோலைட் என்றும், அது குன்றிய பெரிடோடைட்டிற்கு ஹார்ஸ்பர்கைட் என்றும் பெயர். லெர்சோலைட் அதிகம் உருகாத கன்னிக் கவசம். அது உருகிக் குழம்பை இழந்த சக்கைதான் ஹார்ஸ்பர்கைட். உலகெங்கும் நிலவியல் வகுப்புகளில் இவ்வாறே கற்பித்தனர். லெர்ஸ் ஏரிக்கரைப் பாறையையே அதற்கு மூலமாதிரியாகக் காட்டினர்.

2007ஆம் ஆண்டில் லெ ரூ என்பவரும் அவருடைய துணைவர்களும் அத்திரளை மீண்டும் அடிக்கு அடி அளந்தனர். தனித்தனியே கிடக்கும் ஹார்ஸ்பர்கைட்டுத் திட்டுகளின் உள்ளே கனிமங்கள் சாய்ந்திருக்கும் போக்கு எல்லாத் திட்டுகளிலும் ஒத்திருந்தது. சூழ்ந்திருந்த லெர்சோலைட்டில் அது வேறாக மாறி மாறி இருந்தது. சக்கை என்று கருதப்பட்ட பாறையே பழையது என்பதற்கு இது அடையாளம். இரண்டும் சந்திக்கும் எல்லையில் பைராக்சின் மிகுந்த பட்டைகள் காணப்பட்டன. இரசாயனப் பகுப்பாய்வும் அதற்கு இணங்கவே அமைந்தது. அவர்களுடைய முடிவு இது: முதலில் இருந்தது ஹார்ஸ்பர்கைட், அதனுள் பசால்ட்டுக் குழம்பு ஊடுருவிக் கால்சியப் பைராக்சினையும் ஸ்பினலையும் விதைத்து அதனை லெர்சோலைட்டாக ஆக்கியது. கன்னிக் கவசம் என்று பெயர்பெற்ற பாறை பொருண்மாற்றத்தின் விளைவே. புதிதாகச் சேர்ந்த கனிமங்கள் கவசத்தில் இயல்பாக இருக்கத்தக்க கனிமங்களேயாதலால் யாருக்கும் ஐயம் எழவில்லை. இத்தகைய மாற்றத்திற்கு ஓ’ரைலி, கிரிஃபின் ஆகியோர் 2013இல் இட்ட பெயரைத் தமிழில் வேடமிட்ட மாற்றம் என்று சொல்லலாம். உலகிலுள்ள எல்லா லெர்சோலைட்டுகளும் இவ்வாறு தோன்றியவை என்று கொள்வது மிகை. ஆனால் இனி ஒரு பாறையைக் கண்டவுடன் ‘இது மாறாதது’ என்று சொல்பவர்தான் சான்று காட்டக் கடமைப்பட்டவர் என்பது என் துணிபு.

நம் களப்பணியாளர்களுக்கு இதனால் ஆவது என்ன? ஆந்திரப் பிரதேசத்தில் அனந்தபுரம் பகுதியிலுள்ள வஜ்ரகரூர் வட்டாரத்துக் கிம்பர்லைட்டுக் குழாய்களிலும், குஜராத்தில் பூஜ் நகரைச் சூழ்ந்துள்ள கட்ச் பகுதியின் எரிமலைப் பாறைக் குன்றுகளிலும் கவசத்திலிருந்து வந்த அயற்பாறைகள் கிடைக்கின்றன. இவற்றைத் திரட்டுவோர் அழகிய, பசிய, ‘தூய’ துண்டுகளைத் தேர்ந்தெடுத்து, கறைபட்டவற்றையும் நரம்போடியவற்றையும் விட்டுவிடுவது இயல்பு. அருங்காட்சியகத்திற்கு அது பொருந்தலாம், ஆராய்ச்சிக்குப் பொருந்தாது. நரம்பும் அதனை அடுத்துள்ள பாறையும் சேர்ந்த துண்டே மிக்க மதிப்புடையது. மற்றொரு எச்சரிக்கையும் உண்டு. ஒரு துண்டில் காக்கைப்பொன் இருந்தாலே கவசத்தில் பொருண்மாற்றம் நிகழ்ந்தது என்று எழுதிவிடக் கூடாது. அதனைச் சுமந்து வந்த கிம்பர்லைட்டே வழியில் ஊறி அதனை உண்டாக்கியிருக்கலாம். துண்டை உடைத்துப் பார்த்து, பளபளப்பு விளிம்பில் மட்டும் உள்ளதா, நடுவிலும் பரவியுள்ளதா, தகடுகள் வளைந்து நெளிந்துள்ளனவா என்று குறித்துக்கொள்ள வேண்டும். விளிம்பைத் தட்டி எறிந்துவிட்டு அனுப்பினால் சோதனைச் சாலையில் இருப்பவர் இதனை எவ்வாறு அறிவார்?

வைரம் தேடுவோர்க்கும் இது புறம்பானதன்று. கால்சியம் குறைந்து குரோமியம் மிகுந்த கார்னெட் மணிகளை அவர்கள் நல்ல அடையாளமாகக் கொள்கிறார்கள். பின்னால் வந்த குழம்பு அக்கார்னெட்டில் கால்சியத்தையும் இரும்பையும் டைட்டானியத்தையும் சேர்த்து அடையாளத்தை அழித்துவிடலாம். அதே குழம்பு வைரத்தையும் அரித்துவிடலாம். வைரம் படிகமாவதற்கும் கரி கொண்ட பாய்பொருளே காரணம் என்பதால், கொடுத்த கையே பறிக்கவும் செய்கிறது. குஜராத்தின் அம்பா டோங்கர், நம் திருப்பத்தூரை அடுத்த சேவத்தூர் ஆகிய இடங்களிலுள்ள கார்பனடைட்டுப் பாறைகளின் குழம்புக்கும் பிறப்பிடம் கார்பனேட்டு ஏறிய கவசமே என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர்.

கிம்பர்லைட்டுத் துண்டு எல்லாப் பள்ளிகளுக்கும் கிட்டாது. ஆனால் பொருண்மாற்றத்தைக் கையில் வைத்துக் காட்டுவதற்குச் சேலம் நகரத்தை அடுத்த வெண்குன்றுகளின் கல் போதும். அக்குன்றுகளுக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் சாக் ஹில்ஸ். வெண்மையைக் கண்டு இட்ட பெயர். அங்குள்ளது சாக்கு அன்று, மாக்னசைட். (பிழையான பெயர் இடுவதில் மொழிபெயர்ப்பாளர்கள் தனித்தவர்கள் அல்லர்.) ஆலிவின் மிகுந்த பாறையினுள் கரியமில வாயு கலந்த நீர் புகுந்து, ஆலிவினின் மக்னீசியத்தைப் பற்றி மாக்னசைட் ஆக்கி, சிலிக்காவைப் பிரித்திருக்கிறது. இது மேற்பரப்பை ஒட்டிய நிகழ்ச்சி. கவசத்தின் ஆழத்தில் நடந்ததன்று என்பதை ஆசிரியர் மறவாமல் சொல்ல வேண்டும். ஆனால் பச்சைக் கல்லின் நடுவே ஓடும் வெள்ளை நரம்பைப் பார்த்த பிள்ளைக்கு, எது வந்தது, எது போனது என்ற வினா தானாகவே எழும்.

பாடத்தைச் சுமையாக்குகிறேன் என்று சில ஆசிரியர்கள் கருதக்கூடும். எட்டாம் வகுப்பில் ஃபிரேயும் கிரீனும் வேண்டியதில்லை. ‘கவசம் திண்மம், சில இடங்களில் மட்டும் அதில் சிறு பங்கு உருகுகிறது, அவ்வாறு உருகியது ஊர்ந்து செல்லும் வழியெல்லாம் பாறையை மாற்றிக்கொண்டே செல்கிறது’ என்ற மூன்று வாக்கியங்கள் போதும். ‘கவசம் குழம்பு’ என்னும் ஒரு வாக்கியத்தைக் காட்டிலும் இவை நீளமானவைதாம். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை எழுதும் மாணவனுக்கு இன்றும் முழு மதிப்பெண் கிடைக்கிறது. அதனை ஐயுற்றுக் கேட்ட மாணவிக்கோ விடை கிடைக்க ஓர் அஞ்சலட்டையும் இரண்டு மாதமும் வேண்டியிருந்தன.

என் மேசையிலுள்ள சொற்பட்டியலில் மெடாசோமாடிசத்திற்கு எதிரே இருந்த ‘உருமாற்றம்’ என்பதை அடித்துவிட்டு, ஓரத்தில் ‘பொருண்மாற்றம்’ என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். வரும் இதழிலிருந்து அச்சொல்லை வழங்க எண்ணம். இதனினும் பொருத்தமான சொல்லைக் களத்திலோ வகுப்பிலோ ஏற்கெனவே யாரேனும் வழங்கி வந்தால், அதனை எழுதியனுப்பக் கோருகிறேன். மையால் எழுதுவதற்கு இன்னும் நாள் இருக்கிறது.